ஹாரன் வீட்டு அக்கா

எங்கள் தெருவில் அவரை ஹாரன் என்றுதான் சொல்வோம். முப்பது வருடம் வாடகைக் கார் ஓட்டியவர். வாயைத் திறந்தால் தெருமுனைவரை கேட்கும். அவர் மனைவிக்குத் தனியாகப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஹாரன் வீட்டு அக்கா, அவ்வளவுதான். நான் எதிர்வீட்டு பஸ் டிரைவர். என் வாய் சும்மா இருக்காது என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட நான் அக்காவைப் பற்றிய இந்த ஒரு விஷயத்தை ஐந்து வருடமாக அடக்கி வைத்திருந்தேன். இனி முடியாது.

பக்கவாதம் வந்து ஹாரனுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. பிடிக்க ஆள் இல்லாமல் ஓரடிகூட வைக்க முடியாது என்றார் டாக்டர். ஒருநாள் அவர் தானாக எழுந்து நடக்க வேண்டும், அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகவே ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வாரம் இரண்டு தடவை அவரை ஏற்றிக்கொண்டு நடைப்பயிற்சி சிகிச்சைக்குப் போவாள். ஒன்றரை வருடம் போனாள்.

காரோ பழசு. மெக்கானிக்கிடம் விட ஹாரன் சம்மதிக்க மாட்டார். அதனால் மாதம் ஒருமுறை அக்கா வாசலில் பானெட்டைத் திறப்பாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி குழறிக் குழறி அதிகாரம் செய்வார். அக்கா ஏர் ஃபில்டரைத் தட்டி வைப்பாள். அங்கிருந்து இன்ஜினுக்குக் காற்று போகிற, வளைந்த பெரிய ரப்பர் குழாயைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவுவாள். பக்கத்தில் இருக்கும், இன்ஜின் ஆவி வெளியேறுகிற சின்ன பிரீதர் குழாயில் எண்ணெய்க் கசடு தார் மாதிரி ஒட்டியிருக்கும். அதற்கென்று பால் புட்டி கழுவுகிற பிரஷ் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். பிள்ளை இல்லாத வீட்டுக்கு எதற்கு என்று கடைக்காரர் கேட்டாராம். "எங்க வீட்டுக்காரருக்குத்தான்" என்றாளாம்.

"கிளிப்ப ரொம்ப முறுக்காத. ரப்பர் வெட்டிக்கும்."

"தெரியும். நீங்க சொல்லிச் சொல்லி எனக்குக் கனவுலகூட ஆயில் நாத்தம்தான்."

"நாத்தம் இல்ல, வாசனை."

எல்லாம் மாட்டியபின் வண்டியை ஸ்டார்ட் செய்வாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுத் தலையாட்டினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

அந்த மாதம் மட்டும் அப்படி நடக்கவில்லை. கழுவிய பெரிய குழாயைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு அக்கா குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது குழாய் காய்ந்திருந்தது, ஹாரன் நாற்காலியிலேயே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். குழாயைப் பொருத்திவிட்டாள். அவரை எழுப்ப மனசு வரவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொள்ளலாம் என்று பானெட்டை மூடிவிட்டாள்.

விடிந்ததும் அவருக்கு மறுபடி பக்கவாதம் வந்துவிட்டது. அக்கா கூப்பிட்ட சத்தத்தில் ஓடிப்போய் நானும் சேர்ந்து தூக்கிக் காரில் படுக்க வைத்தேன். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பேட்டரி ஓய்கிறவரை திருப்பிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். மூன்றாம் நாள் போய்விட்டார்.

"எங்க அண்ணன் கையில இருந்தவரைக்கும் அந்த வண்டி ஒரு நாள் நின்னதில்ல. இவ நோண்டி நோண்டி அண்ணனையே கொன்னுட்டா" என்று நாத்தனார் சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்துவிட்டது.

பத்து நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நான் என்ன தப்பு பண்ணேன்னு பாத்துச் சொல்லிடு."

பெரிய குழாயைக் கழற்றினேன். வளைவுக்குள் ஏதோ அடைத்திருந்தது. இழுத்தால், ஒரு கைத்துண்டு. வாயில் வழிவதைத் துடைக்க ஹாரன் மடியில் எப்போதும் கிடக்கிற துண்டு. எங்கள் தொழிலில் இருக்கிற பழக்கம் அது. குழாயைக் கழற்றிப் போட்டால் தூசி போகாமல் இருக்க வாயில் துணியைச் செருகுவோம். அன்றைக்கு நல்ல காற்று. பறந்துவிடாமல் ஆழமாகத் தள்ளிவிட்டு, வந்து உட்கார்ந்து தூங்கியிருக்கிறார். எழுந்தபின் மறந்தும் போயிருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு எதுதான் நினைவில் நின்றது?

"அக்கா, இது அண்ணன் வெச்சது. உங்க நாத்தனாருக்கு இப்பவே போன் போடுறேன்."

"வேண்டாம்."

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு எதுக்கு நீங்க சுமக்கணும்?"

"வண்டி தெரிஞ்சவர்னு முப்பது வருஷமா பேர் வாங்கின மனுஷன். போன பிறகு அது கெடணுமா? நான் அரைகுறைதானே. என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவே இல்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியையும் சுவர் ஆணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இங்கருந்து அங்க எத்தன அடி வைக்கணும்?"

நடந்து பார்த்தேன். "நாலு அடி, அக்கா."

"திரும்பி வர நாலு."

சாவு வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யாரும் பிடிக்காம எட்டு அடி நடந்திருக்காரு, தம்பி. நான் உள்ள குளிச்சிட்டு இருந்திருக்கேன்."