ஓட மறுத்தவர்கள்

நான் பாளையம்பட்டியிலிருந்து பரளச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த மறு வருஷம், எழுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் ஊருக்குச் சினிமா பிடிக்க வந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குக் கைரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுடுகிற காட்சி. எங்கள் ஊரிலேயே அப்படி நடந்திருந்தது. என் மாமனாரின் அப்பா அதில்தான் செத்தார். அதனால் கூப்பிட்டதும் ஊரே வற்றிய கண்மாய்க்குள் போய் நின்றது.

"வெடிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் கத்திக்கிட்டே ஓடணும்" என்றார் டைரக்டர்.

வெடி வெடித்தது. யாரும் நகரவில்லை. மறுபடி வெடித்தார்கள். எனக்குக் கால் துடித்தது. மாமனாரைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

டைரக்டர் கரையிலிருந்து இறங்கி மாமனாரிடம் வந்தார். "என்ன பெரியவரே, ஓடச் சொன்னா நிக்கிறீங்க?"

"எங்கய்யாவுக்குக் குண்டு நெஞ்சுல பட்டுச்சு தம்பி. ஓடியிருந்தா முதுகுலல்ல பட்டிருக்கும்."

"இது சினிமா."

"சினிமாவுலயும் அவுக ஓட மாட்டாக."

மறுநாள் லாரியில் வேறு ஆட்களைக் கொண்டுவந்து, ஓடவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

படம் அருப்புக்கோட்டைக்கு வந்தபோது மதிய ஆட்டத்துக்குப் போனோம். திரையில் எங்கள் கண்மாய், எங்கள் கருவேல மரங்கள். நடுவே யார் யாரோ அலறிக்கொண்டு ஓடினார்கள். முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன்பின் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுவார். காரணமில்லாமல் காட்டுக்குப் போவார், உடனே திரும்பி வருவார். "பாக்குறவுகளுக்கு அதுதானத்தா நெசமாத் தெரியும்" என்பார் என்னிடம்.

பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு நாமே நடித்துக் காட்டுவோம் என்று ஊரைக் கூட்டினார். போலீஸ் வேஷம் கட்ட ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் போலீஸ் இல்லாமலேயே நடந்தது. சாயங்கால வெயிலில் ஆண்கள், அன்று போலீஸ் நின்ற கண்மாய்க்கரையைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். மாமனார் தன் அப்பாவின் இடத்தில் நின்றார். வசனம் எதுவும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து அவரிடம் போனேன். "மாமா, அன்னைக்குப் பொம்பளைக எங்க நின்னாக?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். யோசித்தார். "அத எனக்கு யாரும் சொல்லலத்தா."

நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக்காரி எழுந்து வந்தாள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்கள். அடுத்த வருஷம், யார் முன்னால் நிற்பது என்று பெண்கள் எங்களுக்குள் சண்டையே வந்தது.