பயணிகளுக்கு முன் மூன்று சுற்று

பிள்ளை பெற்று, மருத்துவச் சான்றிதழையும் புதுப்பித்துக்கொண்டு விமானி வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, முதலாளி அவளுக்கு ஒரு பயணம் போட்டிருந்தார். ஆறு பேர் அமரும் சிறிய விமானம். பயணிகளில் ஒருவர் அவளுடைய மாமியார். விமானம் என்றாலே அந்த அம்மாளுக்குப் பயம். மருமகள் ஓட்டுகிறாளே என்றுதான் மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்பி வந்திருந்தார்.

"இப்பவே இவங்களை ஏத்த முடியாது சார்," என்றாள் விமானி. "கடைசி தொண்ணூறு நாள்ல மூணு தடவையாவது விமானத்தை மேலே ஏத்தி இறக்கியிருந்தாதான் பயணிகளைக் கூட்டிட்டுப் போகலாம்னு விதி. நான் விமானத்தைத் தொட்டே எத்தனையோ மாசம் ஆச்சு."

முதலாளியின் முகம் சுருங்கியது. "பத்து வருஷமா ஓட்டுற ஆளு நீ. யாரும்மா வந்து கேக்கப் போறா?"

"யாரும் கேக்க வேணாம் சார். எல்லாரும் ஒரு டீ குடிங்க, நான் தனியா மூணு சுத்து போயிட்டு வந்துடுறேன்."

தனியாக ஏறிப் பறந்தாள். முதல் தடவை இறங்கும்போது விமானம் ஒரு குதி குதித்தது. அவள் அசரவில்லை, மறுபடி மேலே போனாள். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது முறை சக்கரம் தரையைத் தொட்டது அவளுக்கே தெரியவில்லை.

அவள் திரும்பி வந்தபோது, இவ்வளவு நேரமும் கண்ணாடிச் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்திருந்த மாமியார், எல்லோரையும் முந்திக்கொண்டு பையோடு வந்தார்.

"பயமா இல்லையா அத்தை?"

"முதல்ல குதிச்சப்போ உசுரே போயிடுச்சு. அப்புறம் நீ பூ மாதிரி இறக்கினதைப் பாத்தேனே! எனக்கு உன் பக்கத்துல முன்னாடி சீட்டு குடு."

அவரை முன்னால் உட்காரவைத்து, பெல்ட்டை இறுக்கிவிட்டாள் மருமகள்.