பீற்றிஸ் அக்காவின் அரைச் சுண்டு

சீனி வருத்தம் ஜெயராஜா அண்ணனுக்கு. களைப்பு முழுக்க அவர் மனைவி பீற்றிஸ் அக்காவுக்கு. புளியந்தீவில் எங்கள் ஒழுங்கை முழுவதும் அறிந்த சங்கதி இது. வாவியில் மட்டிச் சிப்பி வெட்டிய புண் ஆறாமல் கால் விரலை எடுத்த நாளிலிருந்து அண்ணன் கதிரையோடு இருக்கிறார். அக்கா காலையில் ஒரு புடைவைக்கடையைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்து, அவருக்கு இன்சுலின் ஊசி போட்டு, அவருடைய குத்தரிசியைத் தனிச்சட்டியில் ஏற்றுவார். அதற்கும் அவர் கறியில் உப்பில்லை என்று முகம் சுளிப்பார். எனக்கு வாய்வரை வரும், அக்காவுக்காக அடக்கிக்கொள்வேன்.

கிளினிக்கில் தாதி மிஸ்ஸி, மதியம் எவ்வளவு அரிசி போடுகிறீர்கள் என்று கேட்டாராம். அக்கா அரைச் சுண்டு என்றிருக்கிறார். எங்களுக்குச் சுண்டு என்றால் காலியான பால் தகரப்பேணி, அதில் பாதி. அது சரிவராது, கிராமில் வேண்டும், அதை வைத்துத்தான் ஊசியின் அளவு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா காத்தான்குடிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு சின்னத் தராசு வாங்கிவந்தார். அரைச் சுண்டு அரிசி நூற்றுப்பத்து கிராம் காட்டியது. அதே பேணியில் மா குறைவாகக் காட்டியது, சீனி கூடுதலாகக் காட்டியது. ஒரு பேணிக்கு இத்தனை கதையா என்று அலுத்துக்கொண்டார். அடுத்த கிளினிக்கில் நூற்றுப்பத்து என்றார். ஊசியை அதற்கேற்றபடி கூட்டினார்கள்.

அதன் பிறகு அண்ணன் பின்னேரங்களில் வியர்த்து நடுங்கத் தொடங்கினார். ஒருநாள் பேச்சுக் குழறிக் கதிரையிலிருந்து சரிந்தார். பக்கத்து வீட்டிலிருந்து நான் ஓடிப்போய்ச் சீனித்தண்ணீர் பருக்கினேன். சீனி அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது, இன்னொரு முறை இப்படியானால் உயிருக்கே ஆபத்து என்றார்கள் ஆஸ்பத்திரியில். சாப்பாட்டைக் குறைத்தீர்களா என்று அக்காவைத்தான் கேட்டார்கள். மாதாவாணை, நிறுத்துத்தான் போடுகிறேன் என்றார் அவர்.

சனிக்கிழமைகளில் மாதா கோயிலுக்குப் பிடியரிசி சேர்க்கப் போவது நான். சமைக்க அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து, கோயிலுக்கென்று வேறு பேணியில் போட்டுவைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். கை தன்பாட்டில் அதைச் செய்யும். அந்தச் சனிக்கிழமை அக்கா நீட்டிய பேணியிலிருந்த அரிசியைச் சும்மா விளையாட்டுக்குத் தராசில் கொட்டினேன். ஒரு கிழமைக்குள் இருநூற்றெழுபது கிராம் காட்டியது. இது எந்தச் சட்டி அரிசி என்று கேட்டேன். அக்கா தராசின் இலக்கத்தைப் பார்த்தபடியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“அவர்ட விரல எடுத்த அண்டைக்கு மாதாவுக்கு நேந்தன், மேர்லின். அவர் சுகமா இருக்க, அவர்ட அரிசியில தினம் ஒரு பிடி எண்டு. நிறுத்துப்போட்டுத்தான் அள்ளுறன். ஊசியையும் கூட்டி, சோத்தையும் நானே குறைச்சிருக்கன்.”

அழக்கூட அவருக்குத் தெம்பில்லை. விசயத்தைக் கேட்ட அண்ணன், என்னைக் கொல்லப் பார்த்திருக்கிறாள் என்றார். அன்றைக்கு மட்டும் நான் வாயை அடக்கவில்லை.

அடுத்த கிழமை அண்ணனுக்கு நடுக்கம் இல்லை. ஆனால் சனிக்கிழமை பேணி முன்னைப்போலவே இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவருடையது குறையவில்லை, இது தன் பங்கிலிருந்து எடுத்தது, நேர்த்திக்கடனை விடமுடியாது என்றார் அக்கா. தனக்கென்று கழுவ வைத்திருந்த அரிசி ஒரு கோப்பையில் கிடந்தது. அதைத் தராசில் கொட்டினேன். ஐம்பதுக்கு மேல் ஏறவில்லை.

மாதா கிராம் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை என்று சொல்லி, கோயிலுக்கு ஒரேயொரு பிடியை எடுத்துக்கொண்டு, அக்காவின் அரிசியும் அண்ணனுடைய அளவுக்கு வரும்வரை பேணி அரிசியைத் தராசில் சரித்தேன். அக்கா தடுக்கவில்லை. இலக்கம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

“என்ட சோத்த இதுவரைக்கும் ஒருத்தரும் நிறுத்துப் பாக்கல்ல” என்றார்.