வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன்

நான் சாராயம் தொடாதவள். காய்ச்சலில் உளறியதும் இல்லை. சலவைத் தொட்டியில் கை வெந்து பிழைப்பவளுக்குக் கற்பனை செய்ய நேரம் ஏது? இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்தது.

1874, டிசம்பர் ஒன்பது, புதன்கிழமை. லண்டனில் அன்று காலையிலிருந்தே மஞ்சள் மூடுபனி. லாம்பெத்தில் ஒரு வீட்டின் உச்சி மாடியில்தான் ஓவியர் கார்லிங் ஐயா வேலை செய்வார். மற்ற ஓவியர்கள் சீமாட்டிகளை வரைவார்கள். இவர் எங்களை வரைவார். ஏழைகள் விடுதி வாசலில், ராத்திரி படுக்க இடம் கேட்டு நிற்கும் வரிசை. ஆளுயரப் படம். அதில் கைக்குழந்தையோடு நிற்பவள் நான். குழந்தை என்பது ஒரு பழந்துணிச் சுருட்டல்தான்.

"ஹெஸ்டர், சிரிக்காதே. நீ ரெண்டு நாளாப் பட்டினி."

"ரெண்டு நாள் எதுக்குங்க ஐயா? காலையிலேருந்தே நெசமாத்தான் பட்டினி."

அவரே சிரித்துவிட்டார். மணி மூன்று இருபதுக்கு வெளிச்சம் சுத்தமாகப் போய்விட்டது. விளக்குக்கு எண்ணெய் இல்லை.

"வாங்கிட்டு வந்துடறேன். மேடையை விட்டு இறங்காதே. சால்வை மடிப்பு கலைஞ்சா தொலைஞ்சேன்."

படிகளில் இறங்கினார். மரப்படிகள். அத்தனையும் முனகும். கீழே கதவு சாத்திய சத்தம் வரை கேட்டது.

நான் அசையாமல் நின்றேன்.

முதலில் வாசனை வந்தது. சாய எண்ணெய் வாசனை இல்லை. சுண்ணாம்பு. புதிதாக நீர் ஊற்றிய சுண்ணாம்பு... நெடி மூக்கை அறுத்தது.

பிறகு, எனக்குப் பின்னால் யாரோ கால் மாற்றி நின்றார்கள்.

படிகள் முனகவே இல்லையே?

படத்தில் எனக்குப் பின்னால் ஒரு ஆள் உண்டு. தொப்பியில்லாத கூலிக்காரன், களைத்த முகம். அந்த ஆளாக நிற்க ஐயா வரச்சொன்னவனாக்கும் என்று நினைத்தேன்.

"ஐயா எண்ணெய் வாங்கப் போயிருக்காரு. செத்த இருங்க."

பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"லெட்டி..."

"நான் லெட்டி இல்லீங்க. ஹெஸ்டர்."

"எவன்கூடடி இருந்தே?"

திரும்பினேன். அவன்தான். படத்தில் இருப்பவன். தலை ஒரு தோளில் சாய்ந்து கிடந்தது. நிமிரவே இல்லை.

கூந்தலைப் பிடித்தான். மேடையிலிருந்து இழுத்துச் சுவரில் மோதினான். ஒருமுறை. இன்னொருமுறை. வாயில் ரத்தம். ஒரு பல் நாக்கில் உருண்டது.

"சொல்லுடி!"

பத்து விரலும் என் கழுத்தில். ஐஸ் மாதிரி.

கண் இருட்டியது. கை மேஜையில் துழாவியது. சாயம் சுரண்டும் கத்தி.

ஓங்கினேன். அவன் முகத்தில் இழுத்தேன்.

சர்ர்ர்...

சதை கிழிந்த சத்தம் இல்லை. துணி கிழிந்த சத்தம்.

விரல்கள் இல்லை.

அவனும் இல்லை.

மூன்று நாற்பத்தொன்றுக்குக் கார்லிங் ஐயா விளக்கோடு வந்தார். முதலில் படத்தைத்தான் பார்த்தார்.

"அடிப்பாவி! மூணு மாச உழைப்புடி!"

கூலிக்காரனின் முகம் கிழிந்திருந்தது. இடது காதிலிருந்து வாயோரம் வரை, ஒரே கோடு. படம் நின்றது அறையின் மறுகோடியில். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. பிறகுதான் அவர் விளக்கை என் கழுத்தருகே கொண்டுவந்தார். பத்து விரல் தடமும் சிவந்து கிடந்தது.

"யாருங்கய்யா படத்துல இருக்கற அந்த ஆளு?" என்று கேட்டேன்.

மெல்லச் சொன்னார். அவன் பெயர் ஏமஸ் ப்ரூட். பெண்டாட்டி லெட்டியைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன். செப்டம்பரில் தூக்கில் போட்டார்கள். சிறை முற்றத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதற்கு முன்னால், அனுமதி வாங்கி முகத்தை வரைந்து வந்திருக்கிறார்.

அந்த மாடிக்கு நான் மறுபடி போகவில்லை. மார்ச்சில் எங்கள் சலவைக்கூடத்துக்குப் பெஸ்ஸி என்று ஒருத்தி வேலைக்கு வந்தாள். செத்துப்போன லெட்டியின் தங்கை. தண்ணீர் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"எங்கக்கா சும்மா சாகலைடி. உருளைக்கிழங்கு சீவுற கத்தியால அவன் மூஞ்சியக் கிழிச்சுட்டுத்தான் செத்தா. காதுலேருந்து வாய் வரைக்கும். அந்தத் தையலோடதான் தூக்குல தொங்கினான்."

"எந்தக் காது?"

ஈரக் கையால் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

அன்று மாலையே கார்லிங் ஐயாவை வாசலில் நிறுத்திக் கேட்டேன். சிறையில் வரைந்த தாளை எடுத்துவந்து காட்டினார். கரிக்கோட்டில் அந்த முகம். இடது கன்னத்தில் பதினோரு தையல்.

"பாக்கறவங்களுக்கு அவன் மேல இரக்கம் வரணும்னு..." என்றார். "பெரிய படத்துல நான்தான் அதை விட்டுட்டேன், ஹெஸ்டர்."