நாலே கால் மணி நேர மில் முதலாளி: புனேயில் ஒரு பஞ்சாலை ஆட்டம்

போன மார்ச் மாதம் புனேயில், ஔந்த் பகுதியில் ஒரு மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் உட்கார்ந்து நாலே கால் மணி நேரம் பஞ்சாலை நடத்தினேன். முடிவில் எல்லாரையும் விட என் கையில்தான் பணம் அதிகம். கடைசி இடமும் எனக்குத்தான்.

எனக்கு சிவகாசியில் அட்டைப்பெட்டித் தொழில். கூலிக்கு மெஷின் ஓட்டி ஆரம்பித்தவன், இப்போது சொந்தமாக நாலு மெஷின் வைத்திருக்கிறேன். நாலாவது போன வருஷம் வாங்கியது. எங்கள் ஊரில் ஆடிப்பெருக்குக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவந்துவிட்டால் மார்கழி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. பொங்கல் முடிந்ததும் பாதி மெஷினுக்குத் துணி போர்த்திவிடுவோம். அந்தத் துணியைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் நித்யா போன் செய்தார். அப்பா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து புனேக்குப் போன குடும்பம். ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து ஆறு வருஷமாக ஒரு போர்டு கேம் செய்திருக்கிறார். பம்பாய்ப் பக்கத்துப் பருத்தி மில்கள், மாட்டு வண்டி, ரயில், நிலக்கரி என்று பெரிய சமாச்சாரம். ஆயிரம் பெட்டி அடிக்க வேண்டும்.

"ரேட் அப்புறம் பேசலாம் அங்கிள். முதல்ல நீங்க வந்து ஒரு ஃபுல் கேம் விளையாடணும். விளையாடாதவங்களுக்கு நான் ஆர்டர் தர மாட்டேன்" என்றார்.

மாத்திரைக் கம்பெனிக்கு டப்பா அடித்துக் கொடுத்திருக்கிறேன். யாரும் என்னை மாத்திரை சாப்பிடச் சொன்னதில்லை. ஆனாலும் துணி போர்த்திய மெஷின் கண்ணில் நின்றது. சரி என்றேன்.

நாகர்கோவிலிலிருந்து மும்பை போகும் ரயிலில் விருதுநகரில் ஏறினால், மறுநாள் பிற்பகல் புனே. மூன்றாம் ஏசியில் ரெண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. விமானத்தில் போயிருக்கலாம், மாதிரிப் பெட்டிகளைக் கொடுத்தால் அப்பளமாக்கித் தருவார்கள். ஸ்டேஷன் பக்கத்தில் லாட்ஜ் ஆயிரத்து நானூறு. வெந்நீர் காலை எட்டு மணி வரைதான், தூங்கிவிடாதீர்கள்.

ஞாயிறு காலை ஆட்டோ பிடித்தேன். ஔந்துக்குப் பத்து கிலோமீட்டர், இருநூறு கேட்டார், நூற்று எண்பதுக்குப் படிந்தது. கயிறு கட்டிய பெட்டிகளைப் பார்த்துவிட்டு டிரைவர், "உள்ளே என்ன சார்?" என்று இந்தியில் கேட்டார்.

"குச் நஹீ. காலி" என்றேன்.

"எங்கேயிருந்து கொண்டு வர்றீங்க?"

"தமிழ்நாடு."

கண்ணாடி வழியாக என்னை ஒரு தரம் பார்த்தார். "அங்கேயும் ஒண்ணும் இல்லையா?" என்றார். இறங்கும் வரை அதையே சொல்லிச் சிரித்தார். குறைத்த இருபது ரூபாயை மனசாரக் கொடுத்துவிட்டேன்.

ஃப்ளாட்டில் நித்யாவும், ஆட்டத்தை அவரோடு சோதித்துப் பார்க்கும் ஓம்கார் என்ற மராத்திக்காரத் தம்பியும் இருந்தார்கள். சாப்பாட்டு மேஜை முழுக்க மேற்கு இந்தியா விரிந்து கிடந்தது. ஓம்கார் நாற்பது நிமிஷம் விதி சொன்னார், பாதி இங்கிலீஷ், பாதி இந்தி. நான் தலையாட்டிக்கொண்டே அட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன். எத்தனை எம்எம், எத்தனை கலர், ஒரு ஷீட்டில் எத்தனை அட்டை வில்லை வெட்டலாம், கழிவு எவ்வளவு. பெட்டிக்கு எண்ணூற்று அறுபது சொல்லலாம், எண்ணூறுக்கு இறங்கலாம் என்று கணக்கை முடித்தபோது, "சலா காகா, தொடங்கலாம்" என்றார் ஓம்கார். காகா என்றால் மராத்தியில் சித்தப்பா. அந்த நாற்பது நிமிஷத்தில் என் காதில் விழுந்தது ஒரே ஒரு விதி. ஒரு சுற்றில் யார் குறைவாகச் செலவு செய்கிறாரோ, அடுத்த சுற்றில் அவர்தான் முதலில் ஆட வேண்டும்.

இது எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது. இறுக்கிப் பிடித்தேன். சுற்றுக்குச் சுற்று நான்தான் முதல் ஆள். அவர்கள் இருவரும் கடன் வாங்கி மில் மேல் மில்லாகக் கட்டினார்கள். எனக்கு இரண்டே மில். அதிலும் ஒன்று நிலக்கரி கிடைக்காமல் இரண்டு சுற்று நின்றது. வாங்கலாம், ஆனால் சந்தையில் விலை ஏறியிருந்தது. இறங்கட்டும் என்று காத்திருந்தேன். நித்யா கொடுத்த போஹா, நம் ஊர் அவல் உப்புமா, தட்டிலேயே ஆறியது.

பாதி ஆட்டத்தில் ரயில் வந்தது. பலகையில் இருந்த மாட்டு வண்டிப் பாதைகளையெல்லாம் விதிப்படி ஓம்கார் வாரி எடுத்தார். அதில் நாலு என்னுடையது.

"தம்பி, நிலத்தை எடுத்தா நஷ்ட ஈடு உண்டுல்லா?"

"காகா, இது 1855. கம்பெனிக்காரன் யாருக்குக் கொடுத்தான்?"

இங்கேதான் எனக்கு ஆட்டம் பிடிக்க ஆரம்பித்தது. சீட்டாட்டத்தில் தோற்றால் கை சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இதில் சாக்குச் சொல்ல இடமே இல்லை. நாம் கட்டிய பாதை, நாம் விட்ட நிலக்கரி. பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஓம்காரின் ரயிலைத்தான் பிடித்தாக வேண்டும், பிடித்தால் அவருக்கும் வளர்ச்சி. போட்டியாளன் பிழைத்தால்தான் நாமும் பிழைக்கிறோம். சிவகாசியில் இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது. இங்கே இரண்டு மணி நேரத்தில் புரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டை மறந்தேன். ரேட்டையும் மறந்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. நித்யா நடுநடுவே பென்சிலை எடுத்து ஒரு வில்லையில் நாலை அழித்து ஐந்து போடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நாலாக்குவார்.

"என்னம்மா, ஆடும்போதே மாத்துறீங்க?"

"இது லாஸ்ட் அங்கிள். பக்கா." மூன்று தரம் பக்கா சொன்னார்.

ஆட்டம் முடிந்ததும் என் பணத்தை அடுக்கினேன். நூற்று நாற்பத்தேழு. அவர்கள் இரண்டு பேரிடமும் சேர்த்து முப்பதுகூட இல்லை. கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

"அரே அங்கிள், மத்லப்... அதாவது, காசுக்குப் புள்ளி கிடையாதே" என்றார் நித்யா.

"கிடையாதா?"

"ஓடுற மில்லு, ரயில் லைன், இதுக்குத்தான் புள்ளி. ஓம்கார் முதல்லயே சொன்னானே."

"காசு இல்லாம எதுக்கும்மா மில்லு நடத்துறது?"

ஓம்கார் சிரித்துச் சிரித்துச் சோபாவில் சாய்ந்துவிட்டார். என் புள்ளி இருபத்தொன்று. நித்யா நூற்றுப் பதினாறு.

பிறகு டீ வந்தது. நான் எண்ணூற்று அறுபது என்றேன். நித்யா வேறொருவர் கொடுத்த கொட்டேஷனைக் காட்டினார், எழுநூற்று நாற்பது. தரம், டெலிவரி என்று நான் வழக்கமான பாட்டை எடுத்தேன்.

"அங்கிள், நாலு மணி நேரமா உங்களைத்தானே பாத்துட்டிருந்தேன்" என்று நிறுத்தினார். "உங்க மில்லு நிலக்கரி இல்லாம நின்னுச்சுல்லா, அப்போ போஹா தட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரு வாய்கூட நீங்க சாப்பிடல. மெஷின் சும்மா நின்னா உங்களுக்கு ஆகாது. உங்க ஃபேக்டரில இப்போ மெஷின் நிக்குதா இல்லையா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். மேஜை மேல் அந்த ஆறிய போஹா இன்னும் இருந்தது. "நிக்குது" என்றேன்.

முழு ஆட்டம் ஆடச் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷ வியாபாரத்தில் என்னை யாரும் இப்படி எடை போட்டதில்லை. ஆனால் நாலு மணி நேரம் நானும் கண்ணை மூடிக்கொண்டு உட்காரவில்லை.

"சரிம்மா, ரேட்டைக் குறைக்கிறேன். மெஷின் சும்மா நிக்கிற மாசத்துலயே அடிச்சிடுவோம். ஆனா அந்தப் பென்சிலுக்கு ஒரு ரேட்டு போடணும்."

நித்யா பென்சிலைப் பார்த்தார். ஓம்கார், "காகா, அதுலதான் உங்களுக்கு லாபமே" என்றார்.

புனே போகிறவர்கள் இந்த மாதிரி ஆட்டங்களை ஆடிப் பார்க்கலாம். மணிக்கு நூறு, நூற்றைம்பது வாங்கிக்கொண்டு ஆட விடும் கடைகள் ஊரில் உண்டு. ஞாயிறு மாலை கூட்டமாக இருக்கும், காலையில் போங்கள். முதலில் சாப்பிட்டுவிடுங்கள். விதி சொல்லும்போது எப்படி ஜெயிப்பது என்பதை முதலில் கேளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பழைய கடைவீதியான கேம்ப் பக்கம் ஏதாவது வாங்க நினைத்தால் மதியத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஒரு மணிக்குக் கடையைச் சாத்தித் தூங்கப் போகிறவர்கள் உண்டு. ஒரு வியாபாரியாக அதைப் பார்த்து வயிறெரிந்தது. யாரோடாவது புதிதாகத் தொழில் தொடங்கப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துக்கு முன்னால் இப்படி ஒரு ஆட்டம் ஆடிவிடுங்கள். விசாரித்துத் தெரியாதது இதில் தெரிந்துவிடும், அவரைப் பற்றியும் உங்களைப் பற்றியும்.

முடிவில் பேசியது இதுதான். ஆயிரம் பெட்டி, பெட்டிக்கு எழுநூற்று எழுபத்தைந்து, ஜிஎஸ்டி தனி. பாதி முன்பணம், மீதி லாரி ஏறுவதற்கு முன். ஏப்ரல் கடைசிக்குள் அச்சுக்கான ஃபைல், ஆடி பிறப்பதற்குள் சரக்கு. ஃபைல் வந்த பிறகு ஒரு எண்ணை மாற்றினாலும் திருத்தத்துக்கு நாலாயிரம். 'காசுக்குப் புள்ளி கிடையாது' என்று பெட்டி மூடியில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று நான் கேட்டேன். அந்த ஒரு திருத்தம் மட்டும் இலவசம்.