இருபத்திரண்டு செட்டும் ஒரே தப்பும்

ரேடியோவை ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர் பாட்டு எப்போது வரும் என்று கேட்பார். வயர்லெஸ் செட்டைக் கொண்டுவருகிறவர், ஆபீசர் குரல் வராமல் இன்னும் இரண்டு நாள் தள்ள முடியுமா என்று கேட்பார்.

எழுபதுகளின் கடைசியில் முத்தியால்பேட்டையில் நான் ஆரம்பித்த பட்டறை இரண்டாவது ரகம். ஊரில் ஓர் அரசு இலாகா. பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள். அதன் ஜீப்புகளில் இருபத்தொரு செட், கன்ட்ரோல் ரூமில் ஒரு செட். இருபத்திரண்டையும் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் என்னுடையது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அது போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். தராசோ, டேப்போ, மீட்டரோ, ஏதோ ஒரு கருவியைத் தெய்வமாக நம்பிப் பிழைத்த சகபாடிகளே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கட்டிலடிப் பெட்டி

இந்தத் தொழிலுக்கு மூலாதாரம் சிக்னல் ஜெனரேட்டர். நாம் கேட்கிற அலைவரிசையில் அது ஒரு சிக்னலைக் கொடுக்கும். அதை வைத்து செட்டை டியூன் செய்ய வேண்டும். அது சரியென்றால் செட்டும் சரி. புதிதாக வாங்க என்னால் ஆகாது. பிரெஞ்சு ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா ஒருவர் வீட்டில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். அரிசி மூட்டை கனம், உள்ளே வால்வுகள், முகப்பில் எல்லாக் குமிழுக்கும் பிரெஞ்சில் பெயர். எனக்குப் பார்த்த உடனே காதல் வந்துவிட்டது.

வீட்டுக்கு எடுத்துப்போகிற அவசரத்திலும் கடமைக்கு ஒரு கேள்வி கேட்டேன், இது துல்லியமாகக் காட்டுமா என்று. சொல்தா முகம் சுருங்கிவிட்டது. “என்னா முசியே இப்பிடி கேட்டுட்டீங்க? பத்து வருசமா கட்டிலு அடியில இருக்குது, ஒரு நாளு கூட தப்பா காட்டுனதில்ல!”

சூடு

வால்வுக் கருவியைப் போட்ட உடனே வேலை வாங்க முடியாது. அரை மணி நேரம் சூடாகி நிலைக்கு வந்தால்தான் சொன்ன இடத்தில் நிற்கும். அதற்குள் அவசரப்பட்டால் முள் ஒரு பக்கம், சிக்னல் ஒரு பக்கம். இதை நான் கோவிந்தசாமிக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இலாகா ஆபீசருடைய ஜீப் டிரைவர் அவர். பட்டறைக்கு வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டியையே முறைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. “எங்க ஐயா ஜீப்புல கால வெச்ச நிமிசமே சூடாயிடுறாரு சார். உங்க பொட்டிக்கு மட்டும் என்னாத்துக்கு அர மணி நேரம்?”

பல்பு

டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கும்போது ஏரியலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டம்மி லோடு என்று ஒன்றை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் நாம் பேசுவது ஊர் முழுக்கப் போய்விடும். நான் ஒரு கார் பல்பைப் பற்றவைத்து மாட்டியிருந்தேன். மைக் பொத்தானை அமுக்கினால் பல்பு எரியும், விட்டால் அணையும். எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு சக்தி. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.

கன்ட்ரோல் ரூம் ஆப்பரேட்டர் சரோஜா அம்மா ஒருமுறை செட்டை எடுத்துப்போக வந்தபோது இதை வெகுநேரம் பார்த்தார். நாள் முழுக்க ஆபீசருடைய குரலைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர். “இத எங்க ஆபீசர் வாயில ஒண்ணு மாட்டிக் குடுங்க சார். பியூஸ் போவுற வரைக்கும் எரியும்.”

மாமனார் காற்றில் போனார்

அந்தப் பல்பை ஒருநாள் மாட்ட மறந்தேன். செட் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க, பொத்தானை அமுக்கிய நிலையில் ரப்பர் வளையம் போட்டுவிட்டு வேறு வேலையில் இருந்தேன். ஏரியல் கூரைமேல் அப்படியே இருந்தது. அந்த நேரம் பார்த்து மாமனார் வந்தார். அவருக்கு அரிசி மண்டி. மாப்பிள்ளை தகரப் பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பது அவருக்கு மானக்கேடு. பத்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினார். கடைசியில் நானும் வாயைக் கொடுத்து, “இந்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்காட்டி, மறுநாளே மண்டியில வந்து உக்கார்றேன் மாமா” என்று சத்தியம் செய்துவிட்டேன்.

மறுநாள் கோவிந்தசாமி வழக்கத்துக்கு விரோதமாக மரியாதையோடு வந்து நின்றார். “உங்க மாமனாரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குது சார். நேத்து எல்லா ஜீப்புலயும் அப்பிடித்தான் பேசிக்கினோம்.”

புதுசு

ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது இலாகாவுக்கு ஒரு புது ஜீப் வந்தது, கம்பெனியிலேயே டியூன் செய்த புது செட்டோடு. அது யாரோடும் பேசவில்லை. அது கூப்பிட்டால் மற்றவர்களுக்குத் தொண்டை கட்டிய மாதிரி கேட்டது; மற்றவர்கள் கூப்பிட்டால் அதற்கும் அதே கதி. பழைய இருபத்திரண்டும் தங்களுக்குள் கணீரென்று பேசிக்கொண்டிருந்தன. செட்டைப் பிரெஞ்சுப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். புது செட்தான் இடம் விலகி நிற்கிறது என்றது பெட்டி. கம்பெனியின் லட்சணத்தைப் பார்த்தீர்களா என்று ஆபீசரிடமே போய்ச் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தும் விட்டேன். அவர் கம்பெனிக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார்.

கோவிந்தசாமிக்கு இதில் ஆச்சரியமே இல்லை. “புதுசா வந்தவன் எந்த ஆபீசுல சார் மொத நாளே மத்தவங்களோட ஒத்துப் போயிருக்கான்?”

சிவப்பு எண்கள்

கடிதத்துக்குப் பதிலாக மெட்ராசிலிருந்து ஓர் இன்ஜினீயரே வந்துவிட்டார். கையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அலைவரிசையைச் சிவப்பு எண்களில் அதுவே எழுதிக் காட்டும் கவுண்ட்டர். நான் கேள்விப்பட்டிருந்தேனே தவிரப் பார்த்ததில்லை. புது செட்டை வைத்தார். எண்கள் இலாகாவின் லைசன்ஸில் இருந்த அலைவரிசையிலேயே நின்றன. கோவிந்தசாமியின் ஜீப் செட்டை வைத்தார், விலகி நின்றது. அடுத்ததும் அவ்வளவே விலகி நின்றது. அதற்கடுத்ததும் அப்படித்தான். ஐந்தாவது ஜீப்பில் எனக்குப் புரிந்துவிட்டது. சொல்தாவின் பெட்டி ஒரு மயிரிழை தப்பு. அதை வைத்து நான் டியூன் செய்த இருபத்திரண்டும் அதே மயிரிழை தப்பு. எல்லாம் சேர்ந்து தப்பாக இருந்ததால்தான் இத்தனை வருஷம் ஒன்றோடொன்று அவ்வளவு அழகாகப் பேசியிருக்கின்றன!

சரோஜா அம்மா உட்பட எல்லோரும் ஆபீசர் அறையில் கூடினோம். ஒப்பந்த ஃபைல் அவர் மேசைமேல் இருந்தது. மூக்கில் அரிசித் தவிடு வாசனையே வந்துவிட்டது எனக்கு. “புது செட்டு மேல குத்தம் இல்ல சார், என் பெட்டிதான் தப்பு” என்றேன். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆபீசர் சூடாவதற்குள் சரோஜா அம்மா வாயைத் திறந்தார். “இருவத்திரண்டையும் ஒரு நூலு ஏறாம எறங்காம ஒரே மாரி தப்பா வெச்சிருக்காரு சார். இந்த ஒழுங்கு நம்ம ஆபீசுல வேற யாருகிட்ட இருக்குது?”

இரண்டு கட்சி

ஆபீசர் மூன்று நாள் கெடு கொடுத்தார். கவுண்ட்டரை வைத்துக்கொண்டு, இன்ஜினீயர் பக்கத்தில் நிற்க, இருபத்திரண்டையும் நான் சரிசெய்ய வேண்டும். முடித்தால்தான் கையெழுத்து. முதலில் கன்ட்ரோல் ரூம் செட்டைத் திருத்தினேன். பிறகு ஜீப்புகளை ஒவ்வொன்றாக. இதில் ஒரு வினை இருந்தது. திருந்திய ஜீப் திருந்தாத ஜீப்போடு பேச முடியாது. இலாகா இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. லாஸ்பேட்டையில் நிற்கிற ஜீப்புக்குச் செய்தி சொல்ல வில்லியனூரிலிருந்து ஆளே நேரில் போக வேண்டியதாயிற்று. ஆபீசர் ஜீப்பைக் கடைசியாகத் திருத்தச் சொல்லி டிரைவர்கள் எல்லோரும் தனித்தனியாக வந்து கெஞ்சினார்கள். செய்தேன். மூன்று நாள் அவர் கத்தியது திருந்திய ஜீப்பில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் இருபத்திரண்டும் புதுசோடு சேர்ந்து பேசின. ஆபீசர் ஃபைலைத் திறந்து, அடுத்த வருஷத்துக்குள் நானும் ஒரு கவுண்ட்டர் வாங்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கோவிந்தசாமிதான் என்னைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டார். ஜீப் செட்டில் ஆபீசர் குரல் பழையபடி கணீரென்று அதட்டிக்கொண்டே வந்தது. கோவிந்தசாமி முகத்தில் ஈயாடவில்லை. “எல்லாரும் தப்பா இருந்தப்போ ஒத்துமையா இருந்தோம், நீங்க பாதி திருத்துனப்போ நிம்மதியா இருந்தோம். முழுசா திருத்தித்தான் ஆவணுமா சார்?”

இத்தனை வருஷத் தொழிலில் நான் கண்டது இதுதான்: தனியாக ஒருவன் தப்பாக இருந்தால் கம்பெனிக்குக் கடிதம் போகும், இருபத்திரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தப்பாக இருந்தால் மூன்று நாள் அவகாசம் கிடைக்கும்.