ஈரம் காயவிடாத படகு

"இந்தக் களை எங்கேருந்து வந்திருக்கும்னு நீ நினைக்கிற?" என்று ஏரியில் மண்டிக் கிடந்த களையைக் காட்டி யோஸ்ட் என்னிடம் கேட்டார். படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து தன் ரப்பர் படகிலிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். எனக்குப் பதில் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "தெரியலையே" என்றேன்.

யோஸ்ட் ஒல்லாந்துக்காரர். பதினைந்து வருடமாக மே மாதத்தில் எங்கள் ஏரிக்கு வந்துகொண்டிருந்தவர். என் பெரியம்மா அட்ராக்டாவின் வீட்டில் இரண்டு அறைகள் விருந்தாளிகளுக்கு விடப்பட்டிருந்தன. அவற்றில் ஜன்னல் ஏரியைப் பார்த்திருக்கும் அறை எப்போதும் அவருடையது. அந்த வருடம் ஊரில் எல்லோரும் அவரைத்தான் குற்றம் சொன்னார்கள். வெளிநாட்டுப் படகு, வெளிநாட்டுக் களை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அட்ராக்டா பெரியம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. இளவயதில் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தாள். தாத்தா படுத்த படுக்கையானதும் திரும்பி வந்து அவருடைய ஆறு மரப்படகுகளின் பொறுப்பை ஏற்றாள். பிறகு அயர்லாந்தில் எங்கள் மேயோ மாவட்டத்தை விட்டு எங்கும் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஆறு பேர் துறையில கட்டிக் கிடக்காங்க, போதாதா?" என்பாள். மீன் வாசனையே அவளுக்கு ஆகாது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் மீன் பிடிக்கத் துடுப்புப் போட்டவள், தட்டில் மீன் இருந்தால் மேஜையை விட்டு எழுந்துவிடுவாள்.

மே மாதம்தான் அவளுடைய மாதம். மேப்பூச்சி என்ற சின்னச் சிறகுப் பூச்சி தண்ணீரிலிருந்து கிளம்பிக் கரைப் புதர்களில் அப்பிக்கிடக்கும். டப்ளினிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகளை விட்டு, துளைபோட்ட மரப்பெட்டிகளில் அதை உயிரோடு பிடிக்கச் சொல்வாள். பெரியவர்கள் நீண்ட தூண்டில் கழியில் அந்தப் பூச்சியைக் கோத்து, பட்டுநூலைக் காற்றில் மிதக்கவிட்டு, பூச்சி நீர்மேல் தத்தித் தத்திப் போகும்படி செய்வார்கள். டிரௌட் மீன் எழும்பி வந்து கவ்வும். மதியத்தில் எல்லாப் படகுகளும் ஏரி நடுவே இருக்கும் தீவில் ஒதுங்கும். சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டி, கெட்டிலில் ஏரித் தண்ணீரையே கொதிக்கவைத்துத் தேநீர் போடுவார்கள். மீன் பிடிக்கத் தெரியாதவர்களுக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுப்பாள். "கையால இழுக்காதீங்க சார், முதுகால இழுங்க. இது டைப்பு அடிக்கிற வேலை இல்ல" என்று ஒரு வங்கி மேலாளரை அவள் அதட்டியபோது, அவருடைய மனைவி சிரித்துச் சிரித்துப் படகைக் கவிழ்க்கப் பார்த்தார்.

இதெல்லாம் எப்படி முடிந்தது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பதினைந்து வயதாயிருந்த ஏப்ரலில், நாற்பது மைல் தள்ளியிருந்த இன்னொரு ஏரியில் ஒரு படகோட்டி இறந்துபோனார். அவருடைய படகுகள் விற்பனைக்கு வந்தன. பெரியம்மா ஒன்றை வாங்கினாள். லார்ச் மரப் பலகை, அருமையான வேலை. அதைக் கொண்டுவர, காரின் பின்னால் இழுவண்டியைக் கட்டிக்கொண்டு நானும் அவளோடு போனேன். அன்று எங்கள் ஊருக்கே பழக்கமில்லாத வெயில்.

மரப்படகைக் காயவிடக் கூடாது. இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காய்ந்தால் பலகைகள் சுருங்கி இடைவெளி விடும், மறுபடி தண்ணீரில் இறக்கினால் மூழ்கும். அதனால் தூரப் பயணத்தில் ஈரச் சாக்கைப் போர்த்திக் கொண்டுவருவார்கள். அன்று எங்களிடம் இரண்டே சாக்குகள் இருந்தன.

"டெர்வ்லா, ஈரமா ஏதாவது அள்ளிப் போடு. சும்மா நிக்காதே, மரம் காயுது" என்றாள் பெரியம்மா.

கரையோரம் தண்ணீருக்குள் கருத்த களை அடர்ந்து கிடந்தது. ஈரத்தை நன்றாகப் பிடித்துவைக்கும் என்று தோன்றியது. கை நிறைய அள்ளி அள்ளிப் படகுக்குள் அடிப்பலகையில் பரப்பினேன். அதன்மேல் சாக்கைப் போர்த்தினோம். பெரியம்மா பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, மூளை இருக்கு உனக்கு" என்றாள். அவள் சுலபத்தில் யாரையும் பாராட்ட மாட்டாள். வீடு வரும்வரை நான் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

அந்த ஏரிக்கரையில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் படகைக் கழுவி, முழுக்கக் காயவைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நாங்கள் இருவருமே அதைப் படித்தோம். அது வெளியூர்க்காரர்களுக்கு, மோட்டார் படகுக்காரர்களுக்கு என்று நினைத்தோம். மரப்படகைக் காயவைக்கச் சொல்கிறவன் மரப்படகு வைத்திருக்க மாட்டான் என்று பெரியம்மா சொன்னாள்.

வந்ததும் வழக்கம்போல் படகில் கல் ஏற்றி, பலகை ஊறுவதற்காகத் துறையை ஒட்டிய குடாவின் ஆழமில்லாத பகுதியில் ஒரு வாரம் மூழ்கவைத்தோம். களையை நான் துறையிலிருந்தே தண்ணீரில் வீசினேன்.

அடுத்த வருட மே மாதம் துடுப்பில் அது சுற்ற ஆரம்பித்தது. அதற்கடுத்த வருடம் குடாவின் பாதி நிறைந்துவிட்டது. ஒரு துண்டு உடைந்தால் அதுவே தனிச் செடியாக வேர்விடும். துடுப்புப் போடப் போட அதைப் பெருக்கிக்கொண்டே இருந்தோம். நீந்தப்போன ஒரு சிறுமியின் காலில் சுற்றி அவள் அலறியதும் நீச்சலைத் தடைசெய்தார்கள். டிரௌட் குடாவை விட்டு ஆழத்துக்குப் போய்விட்டது. களைக்குக் கீழே மேப்பூச்சியின் புழுக்கள் வாழ இடமில்லாமல் போனது. அந்த மே மாதம் புதர்களில் பத்துப் பூச்சிகூட இல்லை. பிள்ளைகள் காலிப் பெட்டியோடு நின்றார்கள்.

பெரியம்மாவுக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் களையில் ஒரு கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு துறையில் நெடுநேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். யோஸ்ட் என்னிடம் கேள்வி கேட்டது அதற்குப் பிறகுதான்.

இலையுதிர்காலத்தில் ஊர்க் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தலைமை வகித்தவர் ஃபெஸ்டஸ், ஏரிக்கரையில் ஆடு வளர்ப்பவர். "ஒல்லாந்துக்காரன் கடலையே நிலமாக்கினவன். இப்ப நம்ம ஏரியையும் மேய்ச்சல் நிலமாக்கிட்டுப் போயிட்டான். என் ஆடுங்களுக்கு நல்லதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யோஸ்ட் இனி வரக்கூடாது என்று கடிதம் எழுத வேண்டும், அதில் அட்ராக்டாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். காகிதம் கை மாறி அவளிடம் வந்தது. போட்டிருந்தால் அவள் பிழைப்பு எப்படியோ ஓடியிருக்கும்.

பெரியம்மா எழுந்து நின்றாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"யோஸ்ட் கொண்டுவரல. நான்தான் கொண்டுவந்தேன். ரெண்டு வருஷம் முன்னால ஏப்ரல்ல வாங்கின படகுல, ஈரத்துக்காக அடியில பரப்பிக் கொண்டுவந்தேன்."

ஃபெஸ்டஸ் மெதுவாகக் கேட்டார், "நீயேவா அட்ராக்டா? உன் கையாலயா அள்ளிப் போட்ட?"

நான் தேநீர் மேஜைக்குப் பின்னால் கையில் பெரிய தேநீர்க் கூஜாவோடு நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் கையாலதான். கூட யாரும் இல்ல."

நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. கூஜாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், அவ்வளவுதான்.

காரில் வரும்போது ஏன் பெரியம்மா என்று கேட்டேன். "நீ பரீட்சை எழுதிட்டு எங்கேயோ போகப்போறவ. நான் இங்கேயே கிடக்கிறவ. என்னை என்ன செய்யப்போறாங்க?" என்றாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. தூண்டில் சங்கம் விருந்தாளிகளை ஏரியின் மறுகரைக்கு அனுப்ப ஆரம்பித்தது. அவள் யோஸ்டுக்கு நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டாள். மரியாதையான பதில் வந்தது. சொன்னதற்கு நன்றி, இனி மே மாதத்தில் நான் ஸ்வீடனுக்குப் போகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். அந்த அறையை அவள் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்கவும் யாரும் வரவில்லை.

போன குளிர்காலத்தில் அதிகாரிகள் குடாவின் அடித்தளத்தில் சணல் விரிப்பு விரித்தார்கள். வெளிச்சம் படாமல் களை செத்துவிடும் என்றார்கள். விரித்த இடத்தில் செத்தது. அதற்குள் களை தீவைத் தாண்டிவிட்டது. முழு ஏரிக்கும் விரிக்கத் துணி கிடையாது என்று அவர்களில் ஒரு பெண் அதிகாரி சொன்னார். இந்த வசந்தத்தில் குடாவுக்குள் படகு இறக்கவே தடை வந்தது. ஆறு படகுகளும், வாங்கிவந்த ஏழாவதும் புல்லில் கவிழ்ந்து கிடக்கின்றன. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும். பெரியம்மா இப்போது பெரிய ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறாள். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு மறுபடி சலவை. காலையில் பேருந்துக்குப் போகும்போது ஏரியைப் பார்க்காமல் இருக்க சாலையின் மறுபக்கமாக நடக்கிறாள்.

என் பரீட்சை முடிந்துவிட்டது. செப்டம்பரில் நான் கல்லூரிக்குக் கிளம்புகிறேன். நேற்று அவளிடம், ஃபெஸ்டஸிடம் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "சொன்னா களை போயிடுமா? வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்றாள். களை போகாது. எனக்கும் தெரியும்.

ஆனாலும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். படகு வைத்திருப்பவர்கள், ஏரிக்கரைக்கு விடுமுறை போகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது, ஏரியை அழித்தவள் அட்ராக்டா என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். களையை அள்ளியது அவளுடைய தங்கை மகள் டெர்வ்லா, கூட்டத்தில் வாயைத் திறக்காமல் நின்றதும் அவள்தான் என்று என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.